காட்டை விட்டு நீங்குக

'இளவேனில் நடை' என்ற பெயரை வைத்தவன் நான்தான். வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி அடிக்கும் இந்நாட்டில் இளவேனில் ஏது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே விடை வைத்திருந்தேன்: இரப்பர் மரத்தைப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இலைகளை முற்றாக உதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும் மரங்கள், சில வாரங்களுக்குள் செம்பு நிறத்தில் தளிர்க்கின்றன. தளிர் பச்சையாக மாறும் முன்பே சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் விரிந்து, தோட்டம் முழுவதும் ஒரு மெல்லிய இனிப்பு மணம் பரவுகிறது. அப்பருவத்துக்கு வேறென்ன பெயர் இடுவது?

என் தங்கை அந்த விடையை ஏற்கவில்லை. அறிவிப்புத் தாளை வாங்கிப் பார்த்தவள், “வேனிலா? ஐஸ்கிரீம் குடுக்கப் போறியாண்ணே?” என்றாள்.

“இளவேனில்” என்று திருத்தினேன்.

“அப்ப எளசான வெனிலா. நல்லாத்தான் இருக்கும்.”

நாங்கள் இருவரும் சிரம்பானுக்கு அப்பால் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பதினொரு வயதில் நான் நகரத்துப் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டேன். பதினான்கு வயதில் அவள் அம்மாவோடு இரப்பர்ப் பால் வெட்டப் போனாள். நான் பல்கலைக்கழகம் சென்று, தமிழ் கற்று, ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றேன். அவள் இருபத்தாறு ஆண்டுகள் இரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினாள். தோட்டத்தின் பாதி செம்பனைக்கும் வீடமைப்புக்கும் விற்கப்பட்ட பிறகு லோபாக்கில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். மம்பாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குச் சிறிது நேரப் பயணம்தான். ஆயினும் நடைக்கு மூன்றாண்டுகளாக அழைத்தும் அவள் வரவில்லை.

“இருவத்தாறு வருசம் காட்டுல நடந்தாச்சு. லீவு நாள்ல வேற போயி நடக்கணுமா? நீ நடந்ததில்ல, ஒனக்கு ஆசையா இருக்கு. நட.”

அச்சொற்களில் ஒரு குத்தல் இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு உறுத்தியது குத்தல் அன்று, அந்தக் ‘காடு’. இரப்பர் நிற்கும் தோட்டத்தைக் காடு என்பது எங்கள் பக்கத்து வழக்கு. வேலைக்குப் போவதைக் காட்டுக்குப் போவது என்பார்கள். மெய்யான காட்டை ‘ஊத்தான்’ என்று மலாய்ச் சொல்லால் குறிப்பார்கள். “நீ சொல்வது தோட்டம். ஊத்தான் என்கிறாயே, அதுதான் காடு” என்று எத்தனையோ முறை அவளுக்கு எடுத்துரைத்திருக்கிறேன். “சரி சரி” என்பாள். அடுத்த பேச்சிலேயே பழைய காட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

நடை வெறும் உலா அன்று. தோட்டத்தின் எல்லையில் ஒரு குன்று, குன்றின்மேல் காப்புக்காடு. அங்கிருந்து இறங்கும் ஓடை, மூத்த இரப்பர் மரங்களின் ஓரமாக ஓடி, கீழே எஞ்சியிருக்கும் ஒரு சிறு காட்டுத் துண்டைச் சென்றடைகிறது. இவ்விரண்டையும் இணைக்க, தோட்ட நிருவாகத்தின் இசைவோடு, ஓடைக்கரையில் எங்கள் தன்னார்வக் குழு கன்றுகளை நட்டிருந்தது. கன்றுகளின் மேல் ஒரு கொடி படர்ந்துகொண்டே இருக்கும். இன்று நீக்கினால் இரு வாரத்தில் திரும்பி வந்து கன்றின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். எனவே காலையில் மரங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பது, பிறகு கொடி அகற்றுவது என்று அமைத்திருந்தோம். ஓடையின் அக்கரையில், காட்டுத் துண்டின் ஓரமாக, தோட்டத்துக்கு நீர் இறைத்த காலத்து அறை ஒன்று நின்றது: கல்சுவர், காரைக் கூரை, பொறியும் இல்லை, கதவும் இல்லை. பம்பு வீடு என்பார்கள். அவ்வழகற்ற கட்டடம் எவர் கண்ணிலும் படாதபடி நடையின் வழியை வகுத்திருந்தேன்.

வருவோருக்கென ஆறு நெறிகளை ஒரு பக்கத்தில் எழுதி அச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதியவை. நான்காம் நெறி இது: ‘காற்றோ இடியோ எழுந்தால் உடனே காட்டை விட்டு நீங்குக, நிரைகளை அடைந்து ஒருங்கே நிற்க.’

நிரை என்ற சொல்லில் எனக்குப் பெருமிதம் உண்டு. வரிசையைக் குறிக்கும் பழஞ்சொல் அது. ஏட்டில் மட்டுமே வாழ்வதாக மாணவர்கள் எண்ணியிருந்த அச்சொல், தோட்டத்து வாயில் ‘நெரை’ என்று நாள்தோறும் புழங்கியது. இரப்பர் மரங்களின் ஒவ்வொரு வரிசையும் ஒரு நெரை. வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். அதே வாயில் புழங்கிய காட்டை மட்டும் பிழையென்று தள்ளினேன்.

கடந்த மார்ச்சில், பள்ளி விடுமுறையின்போது, ஒருவழியாக அவள் இசைந்தாள். “ஒரே தடவலா. அதுக்கப்பறம் போன் போட்டுத் தொல்ல பண்ணக் கூடாது.” மற்றவர்கள் விளையாட்டுக் காலணியும் தொப்பியுமாய் வந்து இறங்க, அவள் முழங்கால் வரை நீண்ட இரப்பர் பூட்சும் கையுறையும் இடுப்பில் அரிவாளுமாய் வந்தாள். தன் கைப்பேசியை நனைந்துவிடும் என்று என் வண்டியிலேயே வைத்துவிட்டாள். மொத்தம் பதினான்கு பேர். கெமாசிலிருந்து ஒரு முதிய இணையர் முதன்முறையாக வந்திருந்தார்கள். கணவர் இரயில் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். அவர் மனைவி அதிகம் பேசவில்லை.

“சார், எங்க ஊர்ல தண்டவாளம் ரெண்டாப் பிரியும். ஒங்க பாத எத்தனையாப் பிரியும்னு முன்னாடியே சொல்லிருங்க” என்றார் இரயில்காரர்.

நான் தளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஒரு மரத்தடியில் நின்று, இலை உதிர்தலுக்கும் வறட்சிக்கும் உள்ள தொடர்பை விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் முகங்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுத் திரும்பின. என் தங்கை பக்கத்து மரத்தின் பட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு காயம். கத்தி புடிக்கத் தெரியாத எவனோ வெட்டியிருக்கான். இந்தப் பட்ட இனிமே ஒழுங்கா வளராது.”

“எப்படிக்கா தெரியும்?” என்று எவரோ கேட்க, அவள் காட்டத் தொடங்கிவிட்டாள். நான் என் விளக்கத்தை அடுத்த மரத்துக்கு ஒத்திவைத்தேன். அடுத்த மரத்திலும் அதுவே நிகழ்ந்தது.

ஓடைக்கரையில் வேலை தொடங்கியது முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று புழுக்கம் மிகுதி. குன்றின் பின்னால் வானம் காலையிலேயே ஈயநிறம் கொண்டிருந்தது. கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன், திரும்பினேன், மீண்டும் நடந்தேன். கொடியோடு சேர்த்துக் கன்றையும் பிடுங்கிய ஒருவரைத் தடுத்தேன். வானத்தைப் பார்த்தேன். கழுத்தில் தொங்கிய ஊதலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என் தங்கை குனிந்த தலை நிமிராமல், “மண்டோர் மாதிரி நடந்துக்கிட்டே இரு. ஒரு குச்சி மட்டுந்தான் கொறையுது” என்றாள். தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்ப்பவரை மண்டோர் என்பார்கள்.

மற்றவர்கள் ஒரு கன்றை விடுவிப்பதற்குள் அவள் நான்கை முடித்துவிடுவாள். கொடியை இழுப்பதில்லை, அடியில் ஒரு வெட்டு, ஒரு சுருட்டு, பக்கத்தில் ஒரு வீச்சு. அவ்வாறே நகர்ந்து நகர்ந்து, ஓடை வளையும் இடத்தைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்துவிட்டாள். ‘எவரும் தனித்துச் செல்லற்க’ என்பது என் இரண்டாம் நெறி. அவளை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. அவளைத் திருத்திச் சலித்திருந்தேன் போலும்.

நண்பகல் கடந்து சற்று நேரத்தில் காற்று வந்தது. குன்றின் காடு முதலில் இரைந்தது. பிறகு எங்கள் தலைக்கு மேல் இளந்தளிர்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மும்முறை ஊதினேன். எல்லாரும் நெறிப்படி கரையை விட்டு ஏறி, இரப்பர் நிரைகளுக்கு இடையில் வந்து நின்றார்கள். எண்ணினேன். என்னைச் சேர்க்காமல் பன்னிரண்டு. மீண்டும் எண்ணினேன். பதின்மூன்றாவது ஆள் வரவில்லை.

மழை பெருந்துளிகளாய் இறங்கியது. மும்முறை ஊதினேன், மும்முறை ஊதினேன். பிறகு கணக்கின்றி ஊதினேன். இடிக்கும் இடிக்கும் இடையில் செவியைத் தீட்டினேன். அவள் கீழே அந்தக் காட்டுத் துண்டுக்குள் இருக்கிறாள் என்றே உறுதியாக நம்பினேன். ஒரு மரம் அவள்மேல் விழுந்துகிடப்பதாகவும், ஓடை பெருகி அவளை இழுத்துப் போவதாகவும் மாறி மாறித் தோன்றியது. ஓட வேண்டும் போல் இருந்தது. ஐந்தாம் நெறி என்னைத் தடுத்தது: வழிநடத்துவோன் குழுவை விட்டு அகலக் கூடாது. பத்தடி போவேன், பன்னிரண்டு முகங்களைப் பார்த்துத் திரும்புவேன்.

“இங்க நிக்கலாங்களா சார்? மரம் இந்த ஆட்டம் ஆடுதே” என்றார் இரயில்காரரின் மனைவி.

“நிரைக்குள் நில்லுங்கள் அம்மா. இதுதான் காப்பான இடம்” என்றேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. ஓடைக்கு அப்பால், பம்பு வீட்டு வாயிலில், இரு கைகளையும் வாயருகே குவித்து நின்றாள்.

“காட்ட விட்டு வாங்க!”

உயிரோடு இருக்கிறாள். அந்த ஆறுதல் ஒரு மூச்சு நேரம் நீடித்தது; உடனே சினம் வந்தது. காட்டு ஓரத்தில் நின்றுகொண்டு, காட்டை விட்டு வெளியேறியவர்களை வெளியேறச் சொல்கிறாளே!

“நாங்கள் காட்டில் இல்லை! நீ காட்டை விட்டு வா!” என்று கத்தினேன்.

“நான் எப்பவோ வந்துட்டேன்! நீதான் காட்டுக்குள்ள நிக்கிற!”

“நாங்கள் நிரையில் நிற்கிறோம்!”

“அதத்தான் சொல்றேன்!”

இத்தனை ஆண்டுகளாக அவள் வாயில் திருத்தி வந்த சொல். அதன் பொருள் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்நேரத்தில் அது எனக்குள் இறங்கவில்லை. அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்றுகூட ஐயுற்றேன்.

“அய்யோ சார், அவங்க ரப்பர் காட்டச் சொல்றாங்க” என்று இரயில்காரரின் மனைவி என் கையைத் தட்டினார். “எங்கம்மா தோட்டத்துலயும் இதத்தான் காடும்பாங்க. காத்துல ரப்பர் மரம் பட்டுனு ஒடியும் சார்.” அதற்குமேல் என் இசைவுக்கு அவர் காத்திருக்கவில்லை. கணவரின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடையை நோக்கி இறங்கிவிட்டார்.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. என் நெறியில் பிழை இருக்க இயலுமா என்று மனத்துக்குள் அச்சொற்றொடரைப் படித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் அம்மூன்று மூச்சுகளை நினைத்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

“போங்கள்” என்றேன்.

ஓடையில் நீர் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கடந்தோம். இறுதி ஆளாக நான் பம்பு வீட்டுக்குள் கால் வைத்து, சுவரோரம் ஒண்டி, எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்கவில்லை. அக்கரையில் ஒரு நீண்ட சீறல். பிறகு வெடித்தாற்போல் ஓர் ஒலி. பிறகு எதுவோ கனமாக நிலத்தில் வந்து அமர்ந்தது. மழைத்திரை சற்று விலகியபோது பார்த்தோம். நாங்கள் நின்ற நிரையில் ஒரு மரம் பாதியில் முறிந்து, தளிரும் பூவுமாய், பக்கத்து நிரையின் குறுக்கே கிடந்தது.

என் தங்கை ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் என்னிடம் வந்தாள்.

“காத்தடிக்கிறப்ப மரத்தடியில போயி நிக்கச் சொன்னது யாரு?”

நனைந்த தாளை நீட்டினேன். தோட்டப் பள்ளியில் ஆறாண்டு படித்தவள் அவள். விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“‘காட்டை விட்டு நீங்குக.’ நீங்கிட்டேன். ‘நிரைகளை அடைந்து ஒருங்கே நிற்க.’ இதத்தான் காலைலயே பாத்தேன். நெரைய விட்டுட்டு மறுபடி நெரைக்கே போவாங்களா யாராச்சும்? கடைல அச்சடிச்சவன் மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சேன்.”

“பிழை அச்சில் இல்லை” என்றேன்.

“நீ எழுதுனதா?” என்றாள். அவள் குரலில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மெய்யாகவே வியந்து கேட்டாள். நான் தவறாக எழுதுவேன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“நல்ல வேள சார்” என்றார் இரயில்காரர், முகத்து நீரை வழித்துக்கொண்டே. “பேப்பர ஒழுங்காப் படிச்ச ஆளு ஒருத்தராவது இருந்தாங்க.” சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் நடுக்கம் கலந்திருந்தது.

மழை தூறலானதும் நானும் அவளும் மரத்தருகே போனோம். முறிந்த இடம் வெண்மையாக, ஈரமாக, நார் நாராக இருந்தது. பட்டையின் விளிம்பெங்கும் பால் கசிந்து நீரோடு கலந்து வழிந்தது. ஒருவருடைய சோற்றுப் பாத்திரம் விழுந்த மரத்துக்குக் கீழே தகடாகியிருந்தது. அப்பாத்திரத்துக்கு அருகில்தான் அந்த அம்மையாரை நிற்கச் சொல்லியிருந்தேன்.

“இவ்வளவு உறுதியாக எப்படி அறிந்தாய்?” என்றேன்.

“பக்கத்து நெரைல பால் வெட்டுன அக்கா அப்படித்தான செத்தாங்க. அதுக்கப்பறம் காத்து கெளம்புனாலே மண்டோர் எல்லாரையும் பம்பு வீட்டுக்கு வெரட்டிருவாரு. நீ அப்ப கோலாலம்பூர்ல படிச்சிட்டிருந்த. ஒனக்கு லெட்டர் போட்டேனே.”

நினைவு வந்தது. காட்டில் மரம் விழுந்து பக்கத்து நெரை அக்கா இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள். விறகுக்கோ எதற்கோ காட்டுக்குள் போன ஒருத்தி என்று எண்ணிக்கொண்டு கடிதத்தை மடித்தேன். அவள் நாள்தோறும் அப்படிப்பட்ட மரங்களின் கீழ் நிற்கிறாள் என்று அக்கடிதம் எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொன்னதை நான் படிக்கவில்லை.

“பதில் போட்ட” என்றாள், முறிந்த கிளையிலிருந்து ஒரு பூங்கொத்தை விலக்கியவாறே. “என் லெட்டரையே திருப்பி அனுப்புன. செவப்பு மையில தப்பெல்லாம் திருத்தி.”

அவள் விடையை எதிர்பார்க்கவில்லை. “வா, அவங்கெல்லாம் குளுர்ல நடுங்கிக்கிட்டு நிக்கிறாங்க” என்று முன்னே நடந்தாள்.

மறுநாள் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். மூத்த மரங்கள் நிற்கும் பகுதியைத் தவிர்த்து, பம்பு வீட்டுக் கரை வழியாகவே போய்வர ஏற்பாடாயிற்று. நான்காம் நெறியைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு தொடர் எழுதினேன், அடித்தேன். ‘தோட்டத்தையும் காட்டையும் ஒருங்கே தவிர்த்து’ என்று தொடங்கினேன், அடித்தேன். எந்தச் சொல்லை இட்டாலும், அதை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் ஒருவர் மரத்தடியில் நிற்பது தெரிந்தது. நான்காம் நாள் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“இதுக்கா நாலு நாளு? எழுதிக்கோ. காத்தடிச்சா ரப்பர் மரத்தடியில நிக்காதீங்க. பம்பு வீட்டுக்கு ஓடுங்க.”

அப்படியே எழுதினேன். ‘ரப்பர்’ என்பதற்கு முன் ஓர் இகரத்தை மட்டும் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

இரு வாரம் கழித்து மீண்டும் நடை. ஒரே தடவைதான் என்றவள், சொல்லாமலே வந்து நின்றாள். கெமாஸ் இணையரும் வந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் தெளியவில்லை. தளிரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் மர உச்சிகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், எதிரே இரப்பர் நிற்கும் கரையில் ஓர் உச்சி அசைந்ததாகத் தோன்றியது. காற்றா, ஏதேனும் பறவையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஊதிவிட்டேன்.

பதின்மூன்று பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பம்பு வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். வெளியே சுள்ளென்று வெயில். ஓரிலையும் ஆடவில்லை. சற்று நேரம் பொறுத்து எவரோ சிரிக்க, சிரிப்பு பரவியது.

“தூரத்துல யாரோ தும்மிட்டாங்க போல சார்” என்றார் இரயில்காரர்.

பொறுத்தருளுமாறு கேட்கத்தான் வாய் திறந்தேன். என் தங்கை முந்திக்கொண்டாள். “சிரிக்காதீங்கலா. அவரு ஊதுனா ஓடி வரணும். அவ்ளோதான்.” பிறகு சுவரோரம் கிடந்த ஒரு கல்லை எனக்காகக் காலால் நகர்த்தி, “நீ செத்த ஒக்காருண்ணே” என்றாள்.

நான் உட்காரவில்லை. கதவற்ற வாயிலில் நின்று, அக்கரையின் உச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.